சம்மட்டியை உள்ளே வை

காசிமேடு

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். படகின் பின்னால் மாட்டிய அவுட்போர்டு மோட்டார் பாதி தூக்கிய நிலையில் நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு சம்மட்டி கிடக்கிறது. அது யார் கொண்டுவந்தது என்று கேட்கப்போவதில்லை. முதலில் அதை எடுத்து உள்ளே வை. போனில் பேசினால் உன் தீவு டவருக்குப் பாதிதான் காதில் விழுகிறது. அதனால் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். எழுத்து புரியாவிட்டால் அவளையே கேள், என் கையெழுத்து அவளுக்குத்தான் பழக்கம்.

மோட்டாரைத் தூக்கி இறக்குகிற டில்ட் போய்விட்டது, மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறாராம் உன் முதலாளி. டில்ட் என்ன ஒரே சாமானா? ஸ்விட்ச், ரிலே, கைக்கு அடக்கமான ஒரு கரண்ட் மோட்டார், அதோடு எண்ணெய் பம்ப், சிலிண்டர், அப்புறம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சுழலுகிற அந்தக் குறுக்குக் குழாய். இதில் எது மக்கர் பண்ணுகிறது என்று தெரியாமல் ஒரு நட்டில்கூட ஸ்பானர் போடாதே. மொத்தமாக மாற்றச் சொல்கிறவனுக்கு எது கெட்டிருக்கிறது என்று தெரியவில்லை என்பதுதான் என் கணக்கு. கடைக்காரன் சொன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கும், சொல்லமாட்டான்.

ஸ்விட்சை அழுத்திவிட்டுக் காதை வைத்துக் கேள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், பச்சை பிடித்த கனெக்டர், ரிலே, இவற்றை முதலில் பார். 'டக்' என்று மட்டும் கேட்டால் ரிலே இழுக்கிறது, ஆனால் கரண்ட் மோட்டார் சுற்றவில்லை. பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே சத்தம்தான் வரும், அதையும் பார். அந்தக் கரண்ட் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர் இரண்டு, நீலமும் பச்சையும். அவற்றைக் கழற்றி 12 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்க்கலாம். மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். பொறி பறக்கும், அதனால் பெட்ரோல் டேங்கைக் கரையில் வைத்துவிட்டுச் செய். உள்ளே 'கிர்ர்' என்று ஓடியும் மேலே எதுவும் அசையவில்லையென்றால் எண்ணெய் குறைந்திருக்கலாம், இல்லையென்றால் குழாய் பிடித்திருக்கலாம். உன்னுடையது முக்கி முனகி நிற்கிறது என்று சொன்னாய். எனக்குக் குழாய் மேல்தான் சந்தேகம்.

அதையும் ஊகமாக விட வேண்டாம். மோட்டாரைப் படகோடு பிடிக்கிற பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கும், உள்ளே தட்டை ஸ்குரூ. அதை இடப்பக்கமாகத் திருப்பினால் சிலிண்டரின் எண்ணெய்ப் பிடி தளர்ந்து மோட்டாரைக் கையாலேயே தூக்கலாம், இறக்கலாம். தடுக்கும் வரை திருப்பினால் போதும், வெளியே கழற்றிவிடாதே. அதற்கு முன்னால் ஒன்று செய். 40 எச்.பி. மோட்டார் எப்படியும் 70 கிலோவுக்குக் குறையாது. கீழே எவன் காலும் கையும் இருக்கக்கூடாது. கயிறு போட்டு மேலே கட்டு, கட்டின பிறகுதான் ஸ்குரூவில் கை வை. மேல் மூடியில் கயிறு கட்டாதே, மூடி கழன்று வரும். ஸ்குரூ தளர்ந்ததும் இரண்டு பேர் சேர்ந்து அசைத்துப் பாருங்கள். அசைந்தால் குழாய் நன்றாக இருக்கிறது, கோளாறு எண்ணெய்ப் பக்கம். ஆணி அடித்தது போல நின்றால் குழாய்தான்.

ஏன் பிடிக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் ஸ்டீல், பிராக்கெட் அலுமினியம். நடுவில் உப்புத்தண்ணீர் போனால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி இருந்த இடத்தைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மயிரிழை இடைவெளிகூட மிச்சமிருக்காது. ஆனால் இதெல்லாம் தினமும் அசைகிற டில்ட்டில் நடக்காது. எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பலும் மணலும் சேர்ந்து ஆழம் குறைந்து கிடக்கிறது, அங்கே மோட்டாரைத் தூக்காமல் ஒரு படகு நுழைய முடியாது. அதனால் அந்தக் குப்பங்களிலிருந்து வரும் மோட்டாரில் கியர் போயிருக்கும், பிஸ்டன் போயிருக்கும், டில்ட் மட்டும் எண்ணெய் போட்ட கதவாட்டம் ஆடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியபோதுதான் அங்கிருந்து டில்ட் வேலை வந்தது. நீ டீசலும் பழைய துணியும் வைத்துக்கொண்டு பிராக்கெட்டில் ஒட்டிய கறுப்புத் தாரைத் துடைத்துக்கொண்டிருந்தாயே, அதே மோட்டார்கள். தாரால் பிடிக்கவில்லை. கடலுக்குப் போக வழியில்லாமல் கரையில் கிடந்ததில் பிடித்தது. உன் படகும் சீசன் இல்லாத மாதமெல்லாம் கட்டியே கிடந்திருக்கும், சரிதானே?

இனி வேலை. முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவு. காய்ந்ததும் குழாயின் இரண்டு முனையிலும், நடு மூட்டிலும் துருவை இளக்கும் எண்ணெய் அடி. டபிள்யூடி-40 கிடைத்தால் அது, வேறு நல்லது கிடைத்தால் இன்னும் மேல். அடித்த கையோடு இழுக்காதே. சாயங்காலம் அடி, காலையில் பார், மறுபடியும் அடி. நடுவில் மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியால் பிராக்கெட்டைச் சுற்றித் தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். இரும்புச் சுத்தி பட்டால் அலுமினியக் காது விரிசல் விடும், அதற்கப்புறம் எந்த வெல்டரிடமும் நம்பிக் கொடுக்க முடியாது.

சூடு வேண்டுமென்றால் கொதிக்கிற தண்ணீரைப் பிராக்கெட் மேல் ஊற்று. சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும், அந்த நேரத்தில் எண்ணெய் அடித்தால் நன்றாகக் குடிக்கும். கேஸ் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதே. உள்ளே நைலான் புஷ் இருக்கிறது, உருகினால் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உன் உயிரை வாங்கும். பெட்ரோல் படகில் நெருப்பு வேண்டாம் என்பது தனி.

வாஷர் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இரு. நீ மேலே விட்ட எண்ணெய் கீழ்ப்பக்கம் பழுப்பாக ஒரு கோடு கசிந்தால் உள்ளே வழி கிடைத்துவிட்டது. அப்போது அசை. ஒரே மூச்சில் தூக்கப் பார்க்காதே, ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே. இறுகினால் அங்கேயே நிறுத்தி எண்ணெய் விடு. வெள்ளைப் பொடி சேறாகக் கரைந்து வெளியே வரும், துடைத்துக்கொண்டே போ. நீளமான பைப் போட்டு நெம்பினால் முழுப் பலமும் பிராக்கெட்டுக்குப் போகும். பலம் காட்டுகிற வேலை இது இல்லை. உன் முதலாளியைக் கொஞ்ச நேரம் டீ குடிக்க அனுப்பிவிடு.

குழாய் விட்டுக்கொடுத்ததும், கிரீஸ் அடிக்கும் சின்ன வாய்களான நிப்பிள்களைக் கழற்று. பழைய கிரீஸ் உள்ளே கல்லாகியிருக்கும், கம்பியால் குத்தி எடு. புது நிப்பிள் போட்டு மெரைன் கிரீஸ் அடி, பழைய கறுப்பு போய்ச் சுத்தமான கிரீஸ் இரண்டு ஓரத்திலும் பிதுங்கும் வரை. வண்டிக்குப் போடும் சாதாக் கிரீஸ் வேண்டாம், தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். ஸ்டீரிங் கேபிளின் கம்பியும் இதே குழாய்க்குள்தான் ஓடுகிறது. அதை வெளியே இழுத்துத் துடைத்துக் கிரீஸ் தடவி உள்ளே தள்ளு. ஸ்டீரிங் கனமாக இருக்கிறது என்று போன மாதம் புலம்பினாயே, அதுவும் சரியாகிவிடும்.

டில்ட் பம்பின் எண்ணெய் பார்ப்பது கடைசியில். மோட்டாரை முழுக்கத் தூக்கி, கொக்கியும் போட்டு, கயிறும் கட்டின பிறகே எண்ணெய் மூடியைத் திற. இறக்கி வைத்த நிலையில் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். யமஹாவுக்கு ஏடிஎஃப் டெக்ஸ்ரான்-2 என்கிற எண்ணெய். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மொத்தமும் மாற்று. தட்டை ஸ்குரூவை இறுக்கிவிட்டுச் சில தடவை மேலும் கீழும் ஓட்டினால் காற்று வெளியேறும், அளவு இறங்கியிருந்தால் மறுபடி ஊற்று. சிலிண்டர் தண்டில் விரலை ஓட்டிப் பார்த்துச் சொல். சொரசொரப்பு இருந்தால் சீல் கிழியும், நான் பாரிமுனைப் பக்கம் போகும்போது சீலும் ஓ-ரிங்கும் வாங்கி வைக்கிறேன்.

இதற்கப்புறம் படகு கட்டிக் கிடக்கும் நாளிலும் ஒரு தடவை மேலே ஏற்றி இறக்கு. சொன்னால் முதலாளி பேட்டரி செலவு என்பார். செட் விலையைக் கேட்டுவிட்டு வரச் சொல்.

பழைய நிப்பிளின் மரையை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நம் தெருக்காரர் ஒருவர் அடுத்த கப்பலில் அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா நெத்திலிக் கருவாடும் கட்டி வைத்திருக்கிறாள். கிரீஸ் டப்பாவைத் தனிப்பையில் வைக்கச் சொல்லிச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

அப்பா