லே பனியும் நம்ம கார் சாகுபடியும்

மாப்ள,

நல்லாருக்கியாடே. நீ லடாக்குல லேயில இருந்து எழுதுனத அம்மாட்ட வாசிச்சு காட்டினேன், குக்கர் நெறய புதுப்பனிய அள்ளி அடுப்புல வச்சா கடேசில ரெண்டு டம்ளர் தண்ணிதான் தேறுச்சுன்னா நம்பவே மாட்டேங்கா. பத்து இஞ்சு பனிக்கு ஒரு இஞ்சு தண்ணிங்கது பொதுக் கணக்குடே. சாட்டிலைட் 2000லருந்து தெனமும் படம் புடிக்கு, ஆனா மலை எவ்வளவு தூரம் வெள்ளையா இருக்குன்னுதான் அதுல தெரியும், உள்ள எத்தன தண்ணி கெடக்குன்னு அவ்வளவு லேசுல தெரியாது.

லேயில வருசம் பூரா மழை, பனித்தண்ணி ரெண்டையும் சேத்தாலும் சுமாரா 10 சென்டிமீட்டர்தான், நம்ம காயல்பட்டினத்துல 2023 டிசம்பர்ல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 ஊத்திட்டு. அப்ப லேயில வெள்ளாமைக்கு பனிதான் அணை. ஏப்ரல் மேயில விதைக்கணும், அதுக்கு கீழ்மலைப் பனி உருகி வரணும், மேல உள்ள கிளேசியர், அதான் பனியாறு, ஜூன் வாக்குலதான் நல்லா தண்ணி விடும், இடையில கீழ்ப்பனி கம்மியா விழுந்தாலோ முன்னாடியே கரைஞ்சு ஓடிட்டாலோ விதைநெல்ல கையில வச்சுட்டு நிக்க கதைதான் (அங்க பார்லின்னு வச்சுக்கோ). அந்த இடைவெளிக்குத்தான் லடாக் இன்ஜினியர் செவாங் நோர்பெல் 1987லயே ஓடைத்தண்ணிய குளிர்காலத்துல தேக்கி உறைய வச்சாரு, அந்த மனுசன நெனச்சா கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுது.

எனக்கு பயம் வேற எதுலன்னா, கிளேசியர் கரையக் கரைய முதல்ல கொஞ்ச வருசம் ஆத்துல தண்ணி கூடத்தான் செய்யும், சனங்க நல்லகாலம்னு நம்பி நெலத்த விரிச்சுருவாவ, பெறவு பனி சுருங்கினதும் தண்ணி எறங்கும், அப்ப விரிச்ச நெலத்த என்ன செய்ய?

நமக்கு பனி இல்ல, பொதிகைக் காடுதான் மழைய புடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுது. தென்மேற்கு பிந்தினா பாபநாசம் அணை ஜூன்ல தொறக்காது, கார் நெல் சாகுபடி போச்சு. எங்க அப்பா கன்னடியன் கால்வாய்ல தண்ணி நம்ம மடைக்கு வந்த தேதிய வருசா வருசம் பத்தாயக் கதவுல சாக்பீஸால எழுதுவாருல்லா, பாதி அழிஞ்சு போச்சு, மிச்சத்த நேத்து நோட்டுல ஏத்துனேன். ஒரு வருசத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுடே, இருவது முப்பது வருசம் வேணும்.

நீயும் உன் ரூமுக்குப் பின்னாடி ஓடையில முதல் தண்ணி எறங்குன தேதிய எழுதி வை. அந்த ஊர் சுர்பொன், அதான் நம்ம நீர்பாய்ச்சி மாதிரி தண்ணி பங்குற ஆளு, அவர்ட்ட முன்னால எந்த மாசம் வரும்னு கேட்டு எழுது.

அம்மா முறுக்கு சுட்டு வச்சிருக்கா, பார்சல் போடுதேன்.