தாது உப்பு மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளுக்கான தாது உப்புகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மக்னீசியம், குரோமியம், செலினியம் எல்லாம் இன்சுலினுக்குத் துணை நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். யாருக்குத் தேவை, யாருக்கு ஆபத்து என்பதைச் சொல்லவில்லை. கம்பத்தில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

விடியுமுன்பே இங்கிருந்து கம்பமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்பிவிடும். அதில் போகும் பெண்களில் சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, பாதம் மரத்துப்போகிறது என்று கடைக்கு வருவார்கள். தோட்டத்துப் பக்கம் யாரோ விற்ற தாது உப்பு மாத்திரை டப்பாவைக் காட்டி, "இதச் சாப்பிட்டா சுகர் மாத்திரைய நிப்பாட்டிரலாம்னு சொல்றாங்களே, அக்கா?" என்று கேட்பார்கள். இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று டப்பாவிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி கட்டாயம் இருக்க வேண்டிய வரி அது. வாங்குகிறவர்களுக்கு அதைப் படித்துச் சொல்வார் யாருமில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீரோடு மக்னீசியமும் கூடுதலாக வெளியேறும் என்பது உண்மைதான். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் அது குறையலாம். பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கட்டும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதே மக்னீசியம் வெளியேறாமல் உடலில் தேங்கும். ரத்த அழுத்தம் இறங்கி, இதயத் துடிப்பே தடுமாறும் நிலைக்குப் போகலாம். சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் இந்த மாத்திரையை யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

குரோமியத்தைப் பொறுத்தவரை, அதற்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் (இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலை) உள்ள தொடர்பு மிகவும் நிச்சயமற்றது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே கூறிவிட்டது. செலினியம் உங்கள் பட்டியலில் இருந்தது எனக்கு வருத்தம். தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடச் சர்க்கரை நோய் அதிகமாக வந்தது என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது.

பாதம் மரத்துப்போவதற்குச் சர்க்கரையே காரணமாக இருக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பதால் வைட்டமின் பி12 குறைந்தும் அப்படி ஆகலாம். தாது உப்பு டப்பா இரண்டுக்கும் தீர்வல்ல. பி12 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

சாப்பாட்டிலேயே மக்னீசியம் சேர வழி இருக்கிறது. கேழ்வரகு, கம்பு, கீரை, நிலக்கடலை எல்லாம் நம் பக்கத்துச் சாப்பாடுதான். கேழ்வரகைக் கரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். ரொட்டியாகத் தட்டி, அளவோடு, கீரையுடன் சாப்பிடலாம்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் பகலில் வரும்போது தோட்டத்துக்குப் போன பெண்களின் வீடு பூட்டிக் கிடக்கிறது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்தால் இவர்களையும் பார்க்க முடியும். வருகிற ஊழியர்கள், வேறு என்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சுகாதாரத் துறை இதைக் கவனிக்கும்படி தங்கள் இதழ் எழுத வேண்டும். செலினியம் பற்றிய திருத்தத்தையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கான எச்சரிக்கையையும் அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, மருந்தாளுநர்,
கம்பம், தேனி மாவட்டம்.