ஆண்டறிக்கை: கதை சொல்லும் கச்சேரிப் படங்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, செந்தூலிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். மேடைக் கச்சேரியையும் கற்பனைக் கதையையும் சேர்த்துப் பின்னிய ஹெவி மெட்டல் (அதிரும் மின்கிட்டார் ராக் இசை) படங்களை இந்த ஆண்டு முழுக்கப் பார்ப்பது, பார்த்த பிறகு உட்கார்ந்து பேசுவது. "கச்சேரி பார்க்க வந்தவனுக்குக் கதை எதற்கு?" என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது என் எண்ணம் மாறியிருக்கிறது. அது எப்படி மாறியது என்பதுதான் இந்த அறிக்கையில் பாதி.

முதலில் நிர்வாகம். செயலவை மாதம் ஒருமுறை கூடியது. தைப்பூச மாதத்தில் மட்டும் கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். பாதிப் பேர் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலிலும் உறுமிக் குழுக்களிலும் இருந்தார்கள். சென்ற ஆண்டுக் கூட்டத்துக்குப் பின் 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய விவரங்கள் நேரத்தோடு போய்விட்டன. திரையிடலுக்கான அனுமதிக் கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் அவருக்குப் பெரிய உதவி.

இந்தப் படங்கள் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று புதிய உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். இந்த இசையை நம் ஊரில் நேரில் கேட்பது எப்போதுமே எளிதாக இருந்ததில்லை. 2001இல் மெகாடெத் குழுவினர் கோலாலம்பூரில் வாசிக்க இருந்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. 2013 செப்டம்பர் 28 அன்று நடக்க வேண்டிய லாம்ப் ஆஃப் காட் குழுவின் நிகழ்ச்சியும் அப்படியே நின்றுபோனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, சிங்கப்பூர் சாங்கி கண்காட்சி மையத்துக்கு மெட்டாலிகா குழு வந்தபோது நம்மில் சிலர் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்பினார்கள். போக முடியாத மற்றவர்களுக்குத் திரைதான் மேடை.

தொடக்கம் லெட் செப்பலின் குழுவின் 'தி சாங் ரிமெய்ன்ஸ் த சேம்', 1976இல் வந்த படம். அது ஹெவி மெட்டலா இல்லையா என்று ஒரு மணி நேரம் வாதாடினோம், அதை இங்கே மறுபடி கிளப்ப வேண்டாம். 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் மூன்று இரவுகள் எடுத்த கச்சேரி. எடுத்ததில் இடைவெளிகள் இருந்ததால், இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் அதே மேடையைப் போட்டு மறுபடி நடித்துக் கொடுத்தார்கள். அதற்குள் பாஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் முடியை வெட்டிவிட்டதால் டோப்பா வைத்துக்கொண்டு வாசித்தார். ஆக, நேரடிக் கச்சேரி என்று நாம் நம்பிப் பார்க்கும் இடங்களிலேயே கொஞ்சம் நாடகம் கலந்திருக்கிறது. இது தெரிந்ததும் நம் கூட்டத்தில் சிலருக்கு வருத்தம். எனக்கு அந்தப் படத்தின் மேல் பாசம் கூடியது.

கலைஞர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கற்பனைக் காட்சி உண்டு. டிரம்ஸ் வாசிக்கும் ஜான் பான்ஹாம் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது படம் சான்டா பாட் கார்ப் பந்தயத் தடத்துக்குப் போய்விடுகிறது. உறுமி வாசிக்கும் நம் இளம் உறுப்பினர் அங்கே எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, கையைக் காட்ட வேண்டிய நேரத்துல காரைக் காட்டுறாங்க!" என்றார். அவர் சொன்னது சரி. தாளக்காரனுக்கு இன்னொரு தாளக்காரனின் மணிக்கட்டுதான் பாடம். அந்த நேரத்தில் கதை குறுக்கே வந்து நின்றால் அது கதையின் குற்றமே.

அடுத்து 1978இல் தொலைக்காட்சிக்காக எடுத்த கிஸ் குழுவின் படம். கலிபோர்னியா மேஜிக் மவுன்டன் பூங்காவில் கச்சேரி, அங்கே ஒரு பித்துப் பிடித்த பொறியாளர் அவர்களைப் போலவே இயந்திர மனிதர்களைச் செய்கிறார். பிள்ளைகளுக்குப் பிடித்தது. பெரியவர்கள் பாதியில் தே தாரிக் குடிக்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

அப்புறம் வந்ததுதான் இந்த ஆண்டின் படம்: 2013இல் நிம்ரோட் அந்தால் இயக்கிய 'மெட்டாலிகா: த்ரூ த நெவர்'. 2003இல் புடாபெஸ்ட் சுரங்க ரயிலுக்குள்ளேயே முழுக் கதையையும் வைத்து 'கண்ட்ரோல்' எடுத்தவர் அவர். கச்சேரிப் பகுதி 2012 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவரிலும் எட்மன்டனிலும் எடுத்தது. கதை சின்னது. மேடை வேலை செய்யும் ட்ரிப் என்ற பையனை, பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நிற்கும் லாரியிலிருந்து ஒரு பையை எடுத்துவர அனுப்புகிறார்கள். உள்ளே கச்சேரி நடக்கிறது, வெளியே ஊர் எரிகிறது. டேன் டிஹான் நடித்த அந்தப் பையன் வாய் திறந்து பேசுவதே அரிது. அதனால் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத நம் மூத்த உறுப்பினர்களும் யாரிடமும் எதுவும் கேட்காமல் பார்த்தார்கள்.

அன்று மாலை நடந்த ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த பெரிய பாஸ் ஸ்பீக்கரில் ஒன்று தொடக்கத்திலேயே கரகரவென்று இரைந்து நின்றுவிட்டது. முன்கூட்டியே சோதித்துப் பார்க்காதது என் தவறு, மன்னிக்க வேண்டும். கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலி ஒளி அமைக்கும் நம் உறுப்பினர் ஓடிப்போய்த் தன் வேனிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்தார். கேபிளை மாட்டிவிட்டு, மிச்சத்தை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வளையமாகச் சுற்றியபடியே நின்று பார்த்தார். திரையில் பிரம்மாண்டமான நீதிதேவதைச் சிலை எழுந்து நொறுங்கியது. பிறகு விளக்குகள் அறுந்து மேடையே சரிந்தது, ஆட்கள் அலறி ஓடினார்கள். அவர் கை சுற்றுவதை நிறுத்திவிட்டது. அது திட்டமிட்ட காட்சி, 1996-97 சுற்றுப்பயணத்திலேயே மெட்டாலிகா இப்படிப் பொய்யாக மேடையை இடித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று நான் காதில் சொன்னேன். "தெரியும் தம்பி. ஆனா கீழ நிக்கிறவன் யாருன்னுதான் என் கண்ணு தேடுது" என்றார்.

எனக்கு மனம் மாறியது அந்த இடத்தில்தான். கச்சேரிப் படங்களில் நாம் ஒருபோதும் பார்க்காத ஆள், மேடைக்குப் பின்னால் பெட்டி தூக்குபவன், இங்கே கதாநாயகன். கதை இல்லாமல் அவனைக் காட்ட வழியே இல்லை. இன்னொன்று, அந்தால் பாட்டை நிறுத்தவில்லை. பையன் தெருவில் ஓடும்போதும் அரங்கத்துப் பாட்டு அவன் மேலேயே ஓடுகிறது. செப்பலின் படத்தில் நம் உறுமிக்காரர் தவறவிட்ட மணிக்கட்டு இங்கே பையனின் ஓட்டத்தில் கிடைத்துவிடுகிறது. நாம் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். கதை ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு வந்து அதை நிறுத்தும், ஐந்து நிமிடம் கழித்துக் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கே பாட்டுதான் சாலை, கதை அதன் மேல் போகிற வண்டி. இந்தப் படங்களைப் பார்க்க நம்மைவிடப் பழகிய கண்கள் வேறு யாருக்கும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வெளியே கலவரம், உள்ளே கச்சேரி என்பது வெறும் கற்பனை இல்லை என்பதையும் ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். 1993 ஏப்ரலில் ஜகார்த்தா லெபாக் புலுஸ் அரங்கில் மெட்டாலிகா வாசித்தபோது வெளியே கார்கள் எரிந்தன.

கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பையன் பையோடு திரும்பி வரும்போது அரங்கம் காலி. ரசிகர்கள் ஒருவரும் இல்லை. குழுவினர் நால்வரும் அவனுக்காக மட்டும் வாசிப்பது போல 'ஒரியன்' வாசிக்கிறார்கள். 1986இல் வெளிவந்த, சொல்லே இல்லாத இசை, அதை உருவாக்கியதில் குழுவின் அன்றைய பாஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர் இறந்தார். இந்தப் படம் அமெரிக்காவில் ஐமேக்ஸ் திரைகளுக்கு வந்ததும் ஒரு செப்டம்பர் 27. பையில் என்ன இருந்தது என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. நம் கூடத்தில் விளக்கைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. வாசலில் மகனைக் கூட்டிப்போக வந்திருந்த ஓர் அம்மா, "முடிஞ்சிருச்சா?" என்று மெதுவாகக் கேட்ட பிறகுதான் விளக்கு எரிந்தது.

இந்தப் படம் போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

கோஸ்ட் குழுவின் 'ரைட் ஹியர் ரைட் நவ்' படத்தைத் திரையிடவில்லை. கிறிஸ்துவச் சடங்குகளைத் தலைகீழாக்கும் வேடங்கள் அதில் வருகின்றன, நம்மில் தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. ஆகவே ஏற்கனவே பார்த்தவர்கள் பேச, மற்றவர்கள் கேட்டோம். 2023 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே கியா ஃபோரம் அரங்கில் இரண்டு இரவுகள் எடுத்த படம் அது, ரசிகர்களின் கைப்பேசிகளைப் பைகளில் பூட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். பாடகர் பாப்பா எமெரிட்டஸுக்கும் அவர் தாய்க்கும் இடையே மேடைக்குப் பின்னால் நடக்கும் கதை, பாட்டுக்குப் பாட்டு நகர்கிறது. கடைசியில் சாவு யாருக்கு என்று நாம் எதிர்பார்ப்பது தப்பாகிப் போகிறது. கூட்டத்தில் ஒரு கைப்பேசி வெளிச்சம்கூட இல்லாமல் ஆயிரக்கணக்கான முகங்கள் மேடையை மட்டும் பார்ப்பதைச் சொன்னபோது பலர் பெருமூச்சு விட்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கூடத்தைக் கொடுத்த குடும்பத்துக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதோடு ஒரு நாள் சுண்டலும் செய்து அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இனி இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுவோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இறுதியாக, அடுத்த ஆண்டுக்கு ஒரு தீர்மானம். நம் உறுமிக் குழு வாசிக்கும் ஒரு கோயில் திருவிழாவை வைத்து, இருபது நிமிடப் படம் ஒன்றை நாமே எடுக்கலாம் என்று செயலவை முன்மொழிகிறது. மேளம் நடுவில் நிற்காது, அது முதல் நிபந்தனை. வாசிப்பவரின் வளைந்த குச்சி முறிந்துபோகிறது, வேறொன்றை எடுத்துவர ஒரு பையன் செந்தூல் தெருக்களில் ஓடுகிறான். அவன் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமா, இல்லை மேளம் முடிந்த பிறகு வர வேண்டுமா என்பதில் செயலவை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வேனை ஒலி ஒளி அண்ணன் தருவதாகச் சொல்லிவிட்டார். செலவுக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கக் கேட்கிறோம்.

இந்த அறிக்கையை ஏற்கும்படியும், அந்தப் பையன் எப்போது வந்து சேர வேண்டும் என்பதை வாக்கெடுப்புக்கு விடும்படியும் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்