எவர்சில்வர் கிண்ணத்தின் சொந்தக்காரருக்கு

வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. கிண்ணத்தின் அடியில் வெட்டியிருந்த இரண்டு எழுத்தும் 1994 என்ற வருஷமும்தான் தெரியும். கல்யாணத்துக்கு வந்த பாத்திரமாக இருக்கும். உங்களுடையதோ, உங்கள் அம்மாவுடையதோ. அந்த இரண்டு எழுத்தை இங்கே எழுதப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள், திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால், பிராணிகள் காப்பகத்தின் கேட்டில் ஒரு லேப்ரடார் நாயை நீலக் கொடிக்கயிற்றால் கட்டிவிட்டுப் போனீர்கள். பக்கத்தில் அந்தக் கிண்ணம். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் தண்ணீர். முதலில் பார்த்தது அங்கே சமையல் செய்கிற அக்கா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் சொன்னது இது: "கட்டினவங்க பாத்துத்தான் கட்டியிருக்காங்க சார். கழுத்த இறுக்கல. தண்ணிக்கு எட்டுற மாதிரி நீளம் விட்டிருக்காங்க. கிண்ணத்துல தாளிச்ச தயிர் சாதம், மாதுளை எல்லாம் போட்டு. எறும்பு மொய்ச்சிருந்துச்சு. அது ஒரு வாய்கூடத் தொடல."

மாதுளை போட்ட தயிர் சாதம் என்றால் முந்தின நாள் சித்திரான்னத்தில் மிச்சம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, இதற்கும் எடுத்து வைத்து, அப்புறம் கிளம்பியிருக்கிறீர்கள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறேன். கூண்டு கழுவுவேன், பெரிய அண்டாவில் குருணையும் கோழிக் கழுத்தும் மஞ்சள் பொடியும் வேகும்போது கிண்டிக் கொடுப்பேன். பெரிய சேவை என்றெல்லாம் சொல்லமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை வீட்டில் என்னால் யாருக்கும் உபயோகமில்லை. இந்த மூன்று வருஷத்தில் சாக்கில் கட்டிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். சுவருக்கு மேலே தூக்கிப் போட்டதில் கால் உடைந்த பொமரேனியனைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கடிதம் எழுத எனக்குத் தோன்றியதில்லை. நீங்கள் விட்ட கயிற்றின் நீளம்தான் என்னை எழுத வைக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி காரணமில்லாமல் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. நீங்கள் கட்டிய கயிறே அதைவிட அதிக விலை இருக்கும். ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட முடியாது, வெட்கமாகத்தான் இருக்கிறது, சட்டத்தை நினைத்து.

உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1983-இல் நாங்கள் கும்பகோணத்திலிருந்து மெட்ராசுக்கு வீடு மாறியபோது எங்கள் நாய் மணியை விட்டுவிட்டுத்தான் வந்தோம். சாமான் ஏற்றிய லாரிக்குப் பின்னாலேயே காவிரிப் பாலம் வரை ஓடி வந்தது. "அது பொழச்சுக்கும்டா" என்றார் அப்பா. அதற்கு முன்னால் வீட்டில் பூனை குட்டி போட்டபோதெல்லாம் துணிப்பையில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டு வருவது என் வேலை. மீன் கிடைக்கும், நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். திரும்பிப் போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

என் புகார் நீங்கள் விட்டுப்போனதைப் பற்றி இல்லை. ஒரு துண்டுச் சீட்டு வைக்காமல் போனதைப் பற்றி.

வரும்போது அவளுக்கு ஈறு வெள்ளையாக இருந்தது. எடை பத்தொன்பது கிலோ, அந்த உயரத்துக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோவாவது இருந்திருக்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல். இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. அது எப்போது தொடங்கியது, ஏற்கெனவே மருந்து கொடுத்தீர்களா, நடுவில் நிறுத்தினீர்களா, ஒன்றும் தெரியாது. தடுப்பூசி போட்ட அட்டை உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறதோ என்னவோ, இங்கே இல்லை. அதனால் எதுவுமே போடாத நாய் என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். ஊசி வேலை செய்கிற வரைக்கும் தனிக்கூண்டு. நாய்களுக்கு வாந்தியும் பேதியும் வரவைக்கிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒரு நாய்க்கு வந்தால் குட்டிகள் கூண்டு கூண்டாகப் போகும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கருத்தடை ஆகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வயிற்று மயிரை மழித்துத் தழும்பு தேடினார்கள். இல்லை. அந்த ஆபரேஷனும் பாக்கி.

இவ்வளவும் நடந்தது சோபாவுக்குக் கீழே ஃபேன் காற்றில் படுத்துப் பழகிய ஒரு நாய்க்கு. சிமெண்டுத் தரையில், இரண்டு பக்கமும் குரைப்புச் சத்தத்துக்கு நடுவில். நாலு நாள் சாப்பிடவில்லை. தெருவில் பிறந்த நாய்கள் காப்பகத்துக்கு வந்து இரண்டாம் நாளே தட்டைப் பிடுங்கும். வீட்டு நாய்கள்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் விட்டுப்போன ஒரு வாரத்தில்தான் டெல்லி தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22-இல் அதை மாற்றி, கருத்தடை செய்து ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடலாம், வெறிநாய்க்கடி நோய் உள்ளதையும் முரட்டு நாயையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நடுவில் அந்தப் பதினோரு நாளும் எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் 'காப்பகத்தில் போட்டால் தீர்ந்தது' என்று எழுதாதவர் இல்லை. எத்தனை கூண்டு, எத்தனை கை, எத்தனை அண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் இது சென்னை. 1959-இல் தி.நகர் மழைத்தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை கேப்டன் சுந்தரம் என்ற விமானி வீட்டுக்குத் தூக்கி வந்ததில் தொடங்கிய புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு இருக்கிற ஊர். கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று 1964-லேயே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள், மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று.

நீங்கள் பகலில் வந்து மணியடித்திருந்தால் "இடமில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தமாட்டார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், படமும் விவரமும் கொடுங்கள், நாங்கள் வீடு பார்க்கிறோம் என்பார்கள். அப்படிப் போன நாய்களுக்குக் கூண்டே தெரியாது, ஒரு சோபாவிலிருந்து இன்னொரு சோபாவுக்குப் போய்விடும். 'பூனையோடு ஒத்துப்போகும், இடி என்றால் பயம், கோழி ஒத்துக்காது' என்று வளர்த்தவர் வாயால் சொல்கிற மூன்று வரிக்கு, வாங்கிப்போகிறவரிடம் இருக்கும் மதிப்பே வேறு.

சரி, கதைக்கு வருகிறேன். குட்டி என்றால் லேப்ரடார் ஒரே நாளில் தத்துப் போய்விடும். இவளுக்குப் பல்லைப் பார்த்து ஆறு வயது என்றார்கள். வந்தவர்களெல்லாம் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார்கள். ஒரு ஞாயிறு என் மனைவியும் பழைய படுக்கை விரிப்புகளைக் கொடுப்பதற்காக வந்தாள். நாய் என்றால் அவளுக்கு ஆகாது. அன்று வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் பேசவில்லை. இறங்கும்போது, "அது ஏன் செவுத்தையே பாத்துட்டு ஒக்காந்திருக்கு?" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

தத்துக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு இளம்பெண்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பால்கனிக் கம்பி இடைவெளியை அளந்தார்கள். ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், மாதம் எவ்வளவு ஒதுக்குவீர்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு என் பெண்ணிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் கல்யாணத்துக்கே சம்பந்தி வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை. அப்போது கொஞ்சம் கோபம் வந்தது. உங்கள் கிண்ணத்தை நினைத்துப் பார்த்தபிறகு வரவில்லை.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் மனைவி வைத்த பெயர் லட்சுமி. காப்பகத்தில் நிறத்தைப் பார்த்து பிஸ்கட் என்றார்கள். இரண்டுக்கும் திரும்பமாட்டாள். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எனக்குத் தெரிந்த நாய்ப் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். டாமி, ஸ்வீட்டி, ப்ரௌனி, ஜூலி, ரோஸி. 'ஈ' சத்தத்தில் முடிகிற பெயருக்கெல்லாம் இடது காது மட்டும் லேசாக எழும்புகிறது. அதற்கு மேல் போக முடியவில்லை.

பெயர் தெரியாவிட்டாலும் உங்கள் வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். குக்கரில் மூன்றாவது விசில் வந்ததும் சமையலறை வாசலில் போய் உட்காருவாள், ஆக உங்கள் வீட்டில் மூன்று விசில். எங்கள் வீட்டில் நாலு, அந்த நாலாவது விசிலுக்குள் அவளுக்குப் பொறுமை போய்விடுகிறது. பூஜை மணி அடித்தால் எழுந்து நிற்பாள், கற்பூரம் அணைந்ததும் கையை நக்க வருவாள். யாரோ பிரசாதம் கொடுத்துப் பழக்கியிருக்கிறீர்கள். துடைப்பத்தைப் பார்த்துப் பயப்படவே இல்லை. அடிக்காத வீடு. இதை எழுதியே ஆக வேண்டும்.

வெள்ளைக் கார் எங்கே நின்றாலும் இடதுபக்கப் பின்கதவை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். தீபாவளி அன்று வெடிச் சத்தத்தில் நான் அசட்டையாகத் திறந்து வைத்த கதவு வழியாக ஓடிவிட்டாள். இரண்டு மணி நேரம் நங்கநல்லூர் முழுக்க டார்ச்சோடு தேடினோம். மூன்றாவது தெருவில், யாரோ நிறுத்தியிருந்த வெள்ளைக் காரின் இடதுபக்கப் பின்கதவோடு ஒட்டி, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை முதல் வேலையாக அவள் கழுத்துப்பட்டையில் என் தொலைபேசி எண்ணைத் தைத்தேன். இப்போது மைக்ரோசிப்பும் போட்டாயிற்று, அரிசி மணி அளவுதான், தோள்பட்டை நடுவே தோலுக்கடியில் இருக்கிறது. மாநகராட்சி உரிமத்தில் பெயர் லட்சுமி என்றிருக்கிறது. இனி அவளை யாரும் அடையாளம் இல்லாமல் எங்கேயும் கட்டிவிட்டுப் போக முடியாது, நான் உட்பட.

இதெல்லாம் கிடக்கட்டும். பள்ளிக்கூட வேன் விஷயத்துக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்கு மூன்றே முக்காலுக்கு வேன் வரும். வேன் தெருமுனை திரும்புவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். தூக்கத்திலிருந்தாலும் சரி. வாசல் கதவின் முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பாள். திறந்துவிட்டால் கீழே போய், இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் பையையும் முகர்ந்து பார்ப்பாள். கடைசிப் பிள்ளை இறங்கி, கிளீனர் கதவைச் சாத்தி, வேன் போகும். அவள் இன்னும் ஒரு நிமிஷம் நிற்பாள். அப்புறம் தானாகவே மாடி ஏறிவிடுவாள். பத்து மாதமாக, வேன் வருகிற நாளெல்லாம், இதுதான்.

ஆகவே உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. ஏழு, எட்டு வயது இருக்குமா? பண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், அங்கே ஓடியாட இடம் இருக்கிறது என்று சொல்லியிருப்பீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளையிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அவள் இரண்டாவது மாடியில் இருபத்தேழு கிலோவோடு இருக்கிறாள், இட்லிக்குள் மாத்திரை வைத்தால் மாத்திரையை மட்டும் துப்பிவிடுகிறாள், மழை பெய்தால் என் செருப்பின் மேல் படுக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். பொய்யை இந்த அளவுக்கு உண்மையாக்கிக் கொள்ளலாம்.

எனக்கு வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். காப்பகத்தின் கேட்டில் இப்போது உள்பக்கமாக ஒரு தபால் பெட்டி மாட்டியிருக்கிறோம், கேமரா இல்லை, நானே நின்று மாட்டினேன். அதில் போட்டுவிடுங்கள். பெயர், பிறந்த மாதம், போட்ட ஊசிகள். வலது காதில் அடிக்கடி சீழ் வருகிறதே, முன்பும் வருமா, எதைக் கொடுத்தால் வரும்? உங்கள் பெயர் வேண்டாம். போடுகிற சமயம் பழைய துண்டோ, படுக்கை விரிப்போ, செய்தித்தாள் கட்டோ இருந்தால் கேட்டுக்கு உள்ளே வைத்துவிடுங்கள், மழைக்காலம் வந்தால் அங்கே காய்ந்த துணிக்குத்தான் பெரும்பாடு. உங்கள் நீலக் கயிறு வீணாகவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் கொடியாகக் கட்டி அக்கா அதில்தான் துணி உலர்த்துகிறார்.

கிண்ணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவள் வேறு தட்டில் சாப்பிடுவதில்லை. அதனால் இப்போதைக்குத் திருப்பித் தர இயலாது.

மூன்று நாற்பது. எழுந்துவிட்டாள். கதவைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
லட்சுமி வீட்டுக்காரர்