‘லிட்டரலி’ படும் பாடு

ஆசிரியருக்கு,

ஆங்கிலம் பேசுகிறவர்கள் எதற்கெடுத்தாலும் ‘லிட்டரலி’ போடுவதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. உள்ளது உள்ளபடி என்பதுதான் அதன் பொருள். சிரித்த கதையைச் சொல்லும்போது ‘லிட்டரலி செத்துட்டேன்’ என்றால், நிஜமாகவே நடந்ததைச் சொல்ல எந்தச் சொல் மிச்சமிருக்கும்? மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 1909இலேயே இந்த மிகைப் பொருளைச் சேர்த்துவிட்டது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011இல் சேர்த்தது, சரி, புழக்கத்தில் உள்ளதைப் பதிவு செய்வது அவர்கள் வேலை, அதற்காக வாய் திறந்தால் அதையேதான் சொல்ல வேண்டுமா? ‘ஆசம்’ (awesome) என்ற சொல்லின் கதியும் இதேதான். கடவுளை நினைத்து நடுங்கி வியந்தபோது சொன்ன சொல், இப்போது காபிக்கும் செருப்புக்கும் வருகிறது. அப்புறம் பேச்சுக்கு நடுவே சும்மா செருகும் அந்த ‘லைக்’ (like), வாக்கியத்துக்கு நாலு. ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களாவது வகுப்பிலேயே இதைத் திருத்த வேண்டும்.

– வாசகர், மதுரை