வீடு கேட்டு மனு கொடுத்தால் வரிசையில் இடம் கிடைத்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், வாடகை கொடுக்க முடியவில்லை, அரசு வீடு வேண்டும் என்று மனு கொடுத்துவிட்டு, அந்த ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம் ஊரில் பலர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த ரசீது மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளமே தவிர, வீட்டுக்கான வரிசையில் இடம் பிடித்ததற்கு அல்ல.

‘வீடு வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அந்த மனு பெரும்பாலும் வருவாய்த் துறைக்குப் போய்விடும். இலவச வீட்டுமனைப் பட்டா கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ‘காலி இடம் இல்லை’ என்று தாசில்தார் அலுவலகம் பதில் எழுதி முடித்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு வேண்டுமென்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பெயரை மனுவின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் பெயர் மாறியது இதுதான். மனுவின் நகலை வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பின்னால் எதைக் கேட்கப் போனாலும் கையில் ஆதாரமாக நிற்கப்போவது அந்த ஒப்புகைதான்.

தகுதி விதிகள் சிக்கலானவை அல்ல. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் ஆகிய யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-ன்படி, கடந்த 20 ஆண்டுகளில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் பயன் பெற்றிருக்கக் கூடாது. இந்த விதிகளில் தேறக்கூடிய குடும்பங்களே காகிதத்தில் தோற்றுப்போகின்றன. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வருமானச் சான்று. ஒரு கொத்தனார் ‘தினம் 900 ரூபாய்’ என்கிறார். அதை மாதம் 26 நாள், 12 மாதம் என்று பெருக்கினால் 2,80,800 ரூபாய். வீட்டில் மனைவி பீடி சுற்றி மாதம் 2,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்றால் ஆண்டுக்கு 24,000 சேர்ந்து 3,04,800 ஆகிவிடும். தகுதி போயிற்று. மழைக்காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் வேலை நின்று, சராசரியாக மாதம் 20 நாள்தான் வேலை கிடைத்தது என்பது உண்மையானால், கணக்கு 2,16,000 ரூபாய்தான். பீடிக் கூலியைச் சேர்த்தாலும் 2,40,000-ஐத் தாண்டாது. குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை. நாள் கூலியோடு வேலை நாட்களின் எண்ணிக்கையையும் கிராம நிர்வாக அலுவலரிடம் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். இந்தச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். விண்ணப்பித்தபோது வாங்கிய சான்று, பெயர் பரிசீலனைக்கு வரும்போது காலாவதியாகியிருக்கும். அதனால் ஆண்டுதோறும் இ-சேவை மையத்தில் புதுப்பித்து, நகலைப் பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு அலுவலகத்தில் சேர்ப்பது நல்லது.

அடுத்தது முகவரி. மருத்துவமனைக்கு வரும் வெளி மாநில நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை பக்கம் மாத வாடகைக்காரர்கள் 11 மாதம் முடிந்ததும் காலி செய்ய நேர்கிறது. கொசப்பேட்டையில் ரேஷன் அட்டை, விருதம்பட்டில் வாக்காளர் அட்டை, குடியாத்தம் பக்கத்து கிராமத்தில் ஆதார் என்று மூன்றும் மூன்று திசையில் நிற்கும். கள ஆய்வுக்கு வருகிறவர் பழைய முகவரியில் தேடிவிட்டு ‘இம்முகவரியில் இல்லை’ என்று எழுதினால் அத்தோடு பெயர் போய்விடும். வீடு மாறிய வாரமே புது முகவரியையும் கைபேசி எண்ணையும் எழுத்தில் கொடுங்கள். வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்கள் ஆதார் முகவரியை மாற்ற, ஆதார் ஆணையம் வகுத்த படிவத்தில் மாமன்ற உறுப்பினரிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று வாங்கலாம். அந்தச் சான்று மூன்று மாதத்துக்குத்தான் செல்லும்.

திருமணமான மகன் தனிக் குடும்பம். பெற்றோர் பெயரில் வீடு இருப்பது அவருக்குத் தடையில்லை. ஆனால் ரேஷன் அட்டையில் அவர் பெயர் பெற்றோரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ‘சொந்த வீடு உள்ளது’ என்றே முடிவெழுத இடமுண்டு. மனு கொடுப்பதற்கு முன்பே பெயர் நீக்கம் செய்து தனி அட்டை வாங்கிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆணை வந்த பிறகு வீட்டை இழப்பவர்கள் உண்டு. இந்த வீடுகள் முழுக்க இலவசம் அல்ல. பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டும், அது திட்டத்துக்குத் திட்டம் மாறும். தொகை எவ்வளவு, எத்தனை நாளில், தவணை உண்டா, வங்கிக் கடன் ஏற்பாடு உண்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு, வாழ்விட வாரிய அடுக்குமாடி வீடு பெறவும் 4 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டம் இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்த வழி அடைந்துபோகும். பணத்தை வங்கி வழியாக வாரியத்துக்கு மட்டுமே கட்டுங்கள். ‘பட்டியலில் மேலே ஏற்றித் தருகிறேன்’ என்று ரொக்கம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். மாற்றுத் திறனாளிகளும் முதியோரும் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளத்திலோ கீழ்த்தளங்களிலோ முன்னுரிமை தர விதி இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, அடையாள அட்டையின் நகலை இணைக்க வேண்டும்.

இனி அரசு செய்ய வேண்டியது. நீர்நிலைப் புறம்போக்கிலிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. அவர்களுக்கு வீடு முதலில் போவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எந்தப் புறம்போக்கிலும் கால் வைக்காமல் மாதாமாதம் வாடகை கட்டி வாழ்கிற குடும்பம் தன் முறை எப்போது வரும் என்று அறிய வழி வேண்டாமா? தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-ன் பிரிவு 4(1)(பி), மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. மாநகராட்சியின் நான்கு மண்டல அலுவலகங்களிலும், 60 வார்டுகளுக்கும் வார்டு வாரியாக, தகுதி பெற்றோர் பட்டியலையும் நிராகரிப்புக்கான காரணத்தையும் ஒட்டி வைப்பதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

அதுவரை மக்களே கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘எனக்கு ஏன் வீடு தரவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ‘இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல், தகுதிப் பட்டியலின் நகல், முன்னுரிமை விதியின் நகல், ஒதுக்கீடு ரத்தாகிக் காலியாக உள்ள வீடுகளின் எண்ணிக்கை’ என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

பங்குத் தொகையே கட்ட முடியாதவர்களுக்கு இந்த வரிசை எவ்வளவு நேர்மையாக நகர்ந்தாலும் பயன் இல்லை. அவர்களுக்குத் தேவை குறைந்த வாடகையில் ஒரு வீடு. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-ல் வாடகை வீடுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மார்க்கெட் சுமை தூக்குவோர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள், தோல் தொழிற்சாலைக்குப் போய்வருவோர் என்று தினக்கூலிகள் நிறைந்த வேலூரில் அந்தப் பிரிவின் கீழ் வாடகைக் குடியிருப்பு ஒன்றைக் கட்ட, மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் இந்த ஆண்டே கருத்துரு அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்,
வேலூர் மாவட்டம்