கூப்பனில் எழுதிய எண்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்கு வந்திருந்தபோது, இரவு பத்தரை மணிக்கு மொட்டை மாடியில் நீ வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாய். பத்தாயிரம் அடி எடுத்து வைத்தால் போனில் உள்ள ஒரு செயலியில் புள்ளிகள் சேரும், அதற்குத் தள்ளுபடி கிடைக்கும் என்றாய். நடப்பது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் நீ எந்நேரம் எந்தத் தெருவில் இருக்கிறாய் என்பதையும் உன் போனில் உள்ள எண்களையும் அந்தச் செயலி கேட்டதாகவும், நீ படித்துப் பார்க்காமலே ‘அனுமதி’யை அழுத்தியதாகவும் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு மனம் ஒருநிலையில் இல்லை. வெளியூரில் தனியாக இருக்கிறாய், அம்மா.

“உங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் இந்தப் பயம்” என்றாய். நீ வேலை பார்க்கும் பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவர் போராடிப் பெற்றது உன் வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பில் போடும்போது போன் எண் தந்தே தீர வேண்டும் என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் துறையும் 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. வரிசையில் நின்று நான் எண் தர மறுத்தபோது நீ கூச்சப்பட்டாய். கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. நீயும் மறுத்துப் பழகு.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் என் மனசாட்சி பொறுக்காது. 2019 தீபாவளிக்குத் துணி எடுத்த கடையில், தங்கக் காசுக் குலுக்கலுக்கு ஆறு கூப்பன் கொடுத்தார்கள். மேசையில் நூல் கட்டிய பேனா ஒன்று இருந்தது. என் எண்ணை எழுதினால் ஓயாமல் அழைப்பார்கள் என்று தயங்கி, ஆறிலும் உன் எண்ணையும் பிறந்த தேதியையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். காசு விழவில்லை, ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. அம்மா அதில்தான் புளி வைத்திருக்கிறாள். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று பொழுதெல்லாம் அழைப்பு வருவதால் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பதாக நீ சொன்னபோது, அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நான் அழைத்து நீ எடுக்காத ஒவ்வொரு முறையும் அந்தக் கூப்பன்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

என்னை மன்னித்துவிடு. அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை நிறுத்திவிட்டாயா என்று ஒரு வரி எழுது. இரவில் தனியாக நடக்காதே. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அழைக்கிறேன். அந்த நேரம் மட்டும் சத்தத்தைக் கூட்டி வை.

அன்புடன்,
அப்பா